பெயரற்ற நோயும் ஊரிட்ட பெயரும்

மனிதரை வந்தடையும் நோய்களைச் சமூக நோக்கில் இருவகையாகப் பிரித்து நோக்கலாம். வாந்திபேதி, வைசூரி முதலியன திடீரெனத் தோன்றி, ஊர் முழுவதையும் தாக்கி, சில கிழமைகளில் உயிரைக் கொண்டோ விட்டோ நீங்குவன. மற்றொரு வகை நோய் ஒருவரது உடலிற் குடிபுகுந்து ஆண்டுக்கணக்கில் தங்குவது. அதற்குப் பெரும்பாலும் புறத்தே காட்டத்தக்க புண்ணும் இல்லை, வடுவும் இல்லை. நாடி பிடித்துப் பார்த்தாலும் கருவி கொண்டு பார்த்தாலும் அது எளிதிற் பிடிபடுவதில்லை. முதல்வகை நோய் வந்தபோது ஊர் நோயாளிக்கு அஞ்சியது. ஆயினும் அவரை ஐயுறவில்லை. இரண்டாம்வகை நோய் வந்தபோது ஊர் நோயாளியையே ஐயுற்றது. "என்ன வருத்தம்?" என்ற வினாவிற்கு விடைகூற இயலாதவர், அவ்வினாவிற்கு ஊர் தானே வகுத்துக்கொண்ட விடையைச் சுமக்க வேண்டியவரானார்.

யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நோய்க்கு வழங்கும் சொல் 'வருத்தம்' என்பதாகும். நோயாளி 'வருத்தக்காரர்' எனப்படுவார். அவரைச் சென்று காண்பது 'வருத்தம் பார்த்தல்' ஆகும். தமிழகத்தில் பெரிதும் மனத்துயரைச் சுட்டும் இச்சொல், இங்கே உடலின் நோவையும் உள்ளத்தின் நோவையும் ஒருங்கே குறிக்கின்றது. இவ்விரண்டையும் பிரித்துப் பாராத மொழிமரபையுடைய ஒரு சமூகம், கண்ணுக்குப் புலப்படாத வருத்தத்தைப் பரிவோடு ஏற்றிருக்கும் என எதிர்பார்த்தல் இயல்பே. ஆனால் வரலாறு அவ்வாறு அமையவில்லை. ஏன் அவ்வாறு அமையவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூர் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு நிலைக்களமாகும். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், மேற்கே சுன்னாகத்திற்கும் கிழக்கே மீசாலைக்கும் வழிகள் பிரியும் இடத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. தீராத வருத்தமுற்ற ஒருவர் அவ்வூரிலிருந்து எங்கெங்கு சென்றிருப்பார் என எண்ணிப் பார்க்கலாம். ஊருக்குள்ளேயே பரியாரியார் வீடும் மெதடிஸ்த மிஷனின் மருத்துவமனையும் இருந்தன. தெற்கே சென்றால் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி. மேற்கே சென்றால் 1898 இல் மகளிர்க்கெனத் தோன்றிய இணுவில் மக்லியொட் மருத்துவமனை, அதற்கப்பால் தெல்லிப்பழை, அதற்கும் அப்பால் கீரிமலைத் தீர்த்தம். வடக்கே சென்றால் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. இவ்வழிகள் ஒவ்வொன்றின் முடிவிலும் நோய்க்கு ஒரு விளக்கம் காத்திருந்தது. அவ்விளக்கத்தோடு பழியில் ஒரு பங்கும் காத்திருந்தது. நோய்க்குப் பெயரிடும் உரிமை எவரிடம் இருந்ததோ, பழியைப் பங்கிடும் அதிகாரமும் அவரிடமே இருந்தது என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகின்றது.

கீரிமலைக் கதை

புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணறு பெரிதும் அறியப்பட்டது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1859 இல் வெளியிட்ட நூலிலும் அது இடம்பெற்றுள்ளது. மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் கொண்ட இக்கிணற்றில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியிற் சென்று மிதக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையிலுள்ள வெடிப்புகளூடாக நிலத்தடி நீர் நகரும் இயல்பே இந்நம்பிக்கைக்கு இடமளித்திருக்கலாம். நிலத்தின் கீழ் நீர் சென்றதோ இல்லையோ, நிலத்தின் மேல் நோயாளர் கீரிமலைக்குச் சென்றுகொண்டே இருந்தனர். அவர்களை அங்கு ஈர்த்தது ஒரு கதையாகும்.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அக்கதையைக் கூறுகின்றது. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி தீராத குன்ம நோயால் வருந்தினாள். அவளது முகம் குதிரை முகமாக இருந்தது. மருத்துவம் பயன்படாத நிலையில் தீர்த்த யாத்திரை புறப்பட்டு, கீரிமலையில் நீராடி, நோயும் குதிரை முகமும் நீங்கப்பெற்றாள். 'மா' எனும் குதிரையின் முகம் விட்ட இடமே மாவிட்டபுரம் எனப் பெயர்பெற்றது என்பர்.

இக்கதை வரலாற்று உண்மையா என்பது வேறு வினா. நோயைப் பற்றிய சமூகத்தின் மனப்பாங்கைக் காட்டும் சான்றாக இது நோக்கத்தக்கது. குன்மம் என்பது தமிழ் மருத்துவ நூல்கள் எட்டு வகையாகக் கூறும் நாட்பட்ட வயிற்று நோய். வலி, செரியாமை, உடல் மெலிதல் என்பன அதன் குறிகள். வெளியே காட்டத்தக்க அடையாளம் எதுவும் அதற்கு இல்லை. கதையோ அந்த நோய்க்கு ஓர் உருவத்தை, அதுவும் விலங்கின் முகத்தை, கொடுத்துவிட்டது. உள்ளே மறைந்திருந்த துன்பத்தை ஊர் காணவேண்டுமானால் அது முகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் இதன் அடியிலுள்ளது எனலாம். இளவரசிக்குத் திருமணம் நிகழ்வதும் முகம் மாறிய பின்னரே. நோயுள்ளவரையில் அவள் யாத்திரிகை. நோய் நீங்கிய பின்னரே அவள் மணமகள். பிற்கால யாழ்ப்பாணத்தில் எண்ணற்ற பெண்களின் வாழ்வைத் தீர்மானித்த வரிசைமுறை அக்கதையிலேயே அமைந்துவிட்டது.

தமிழரின் சமய மரபிலும் இதையொத்த செய்தி உண்டு. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் சூலை நோயால் வருந்தியதையும், சமண மருத்துவர்களால் அதனைத் தீர்க்க இயலாது போனதையும், தமக்கையார் திலகவதியாரின் துணையோடு திருவதிகையில் அது நீங்கியதையும் பெரியபுராணம் கூறும். அங்கே சூலை இறைவன் ஆட்கொள்ளும் கருவியாகின்றது. நோயுற்றவருக்கு இவ்வாறான கதைகள் ஆறுதல் அளித்தன என்பதில் ஐயமில்லை. அதேவேளை, காரணம் தெரியாத நோய்க்குப் பின்னால் ஓர் அறநெறிக் காரணம் இருக்கவே வேண்டும் எனும் எதிர்பார்ப்பையும் அவை வளர்த்தன. நோய் நீங்கியவர் அருள்பெற்றவரானார். நீங்காதவரைப் பற்றி ஊர் என்ன எண்ணியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பரியாரியாரும் சாத்திரியாரும்

யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ அறிவு செகராசசேகரம், பரராசசேகரம் எனும் நூல்களாக எஞ்சியுள்ளது. பரம்பரை வைத்தியரிடம் ஏடுகளாக இருந்த பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் 1920களின் இறுதியிலிருந்து பகுதி பகுதியாக அச்சேற்றினார்கள். வாதம், பித்தம், சிலேற்பனம் எனும் மூன்றன் மிகுதியாலும் குறைவாலும் நோய்களை விளக்கும் இம்மரபில், நோய்களின் தொகை 4448 என்பது வழக்கு. எத்தகைய முறைப்பாட்டிற்கும் இம்முறையில் ஓர் இடம் இருந்தது. "கை கால் உளைவு", "நெஞ்சுப் பாரம்", "நாரி நோ" என்று வந்தவரைப் பரியாரியார் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நாடி பார்த்து, குடிநீரோ எண்ணெயோ கொடுத்து, பத்தியமும் கூறினார். உமக்கு ஒன்றுமில்லை என்ற சொல் அம்மரபில் அரிது. பெயரற்ற நோயாளிக்கு இது பெரியதோர் ஆதரவாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் மருந்தும் பத்தியமும் மாதக்கணக்கிற் பயனளியாதபோது விளக்கம் வேறுதிசையிற் சென்றது. மருந்துக்கு அடங்காதவை முன்வினையால் வந்தவை எனும் கருத்து தமிழ் மருத்துவ நூல்களிலேயே உண்டு. அந்நிலையில் நோயாளி பரியாரியார் வீட்டிலிருந்து சாத்திரியார் வீட்டிற்குச் சென்றார். சாதகத்தின் ஆறாம் வீடு நோயின் வீடாகக் கொள்ளப்பட்டது. ஏழரைச் சனி பேசப்பட்டது. அதன்பின் குறி கேட்டல், பார்வை பார்த்தல், நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல் எனச் சடங்குகள் தொடர்ந்தன.

இவ்விளக்கங்கள் பழியை வெவ்வேறு வகையிற் பங்கிட்டமை குறிப்பிடத்தக்கது. முன்வினை என்றால் பழி நோயாளியைச் சார்ந்தது. பரம்பரை வருத்தம் என்றால் அது குடும்பம் முழுவதையும் சார்ந்தது. செய்வினை என்றால் அது அயலவரையோ உறவினரையோ சென்றடைந்தது. எல்லை வேலியில் தொடங்கிய பகை நோயின் பெயரால் மேலும் முற்றியது. இவை எவையும் பொருந்தாதபோது எஞ்சிய பெயர் பாசாங்கு என்பதாகும். அப்பெயர் நோயாளியின் நேர்மையையே குலைத்தது.

பாசாங்கு எனும் ஐயத்திற்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. புத்தூர்ப் பகுதியின் செம்மண் நிலத்திற் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டோர், நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவும்வரை, துலா மிதித்தே கிணற்று நீரை இறைத்தனர். ஒருவர் துலாவில் ஏறி நடக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்தி மாற்ற வேண்டியிருந்தது. ஒருவர் எழுந்து வாராவிடின் மற்றையோரின் வேலையும் நின்றது. கால் முறிந்தவரை எவரும் குறைகூறவில்லை. உருவம் நன்றாயிருக்க, 'ஏலாது' என்று படுத்திருந்தவரையே குறைகூறினர். "வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு" எனும் பழமொழி பெண்பாலிலேயே வழங்குவதும் சிந்திக்கத்தக்கது. அடுக்களையிலும் தோட்டத்திலும் ஓய்வின்றி உழைத்த பெண்ணின் சோர்வு, நோயாக எண்ணப்படுமுன்னரே சாட்டாக எண்ணப்பட்டது.

நோயுறும் உரிமையும் எல்லார்க்கும் ஒத்ததாக இருக்கவில்லை. நிலமுடையோர் வீட்டில் நாட்பட்ட நோயாளி ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பேண இயன்றது. அந்நிலத்திற் கூலிக்கு உழைத்த ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு ஒருநாள் ஓய்வு ஒருநாள் பட்டினியாகும். பொதுக் கிணற்றில் நீரள்ளுவதற்கே தடை இருந்த காலத்தில், அவர்களது நோய்கள் அசுத்தத்தின் விளைவு எனப் பழிக்கப்பட்டன. அசுத்தத்திற்குக் காரணமான தடையை விதித்தோரே அப்பழியையும் சுமத்தினர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன் பின்னரும் வழக்கங்கள் உடனே மாறிவிடவில்லை.

பழியின் கூர்மை யாவற்றிலும் மேலாக வெளிப்பட்ட இடம் திருமணப் பேச்சாகும். சம்பந்தம் பேசுமுன் சாதகம் பார்க்கப்பட்டது போலவே வீட்டில் உள்ள வருத்தங்களும் விசாரிக்கப்பட்டன. வலிப்பு, தொய்வு, தோல்நோய், மனநோய் என்பன ஒருவருக்கு இருப்பின் உடன்பிறந்தோர் அனைவரின் திருமணமும் தடைப்படும் என அஞ்சப்பட்டது. எனவே குடும்பங்கள் நோயை மறைத்தன. மறைத்தமையால் மருத்துவம் பிந்தியது. மருத்துவம் பிந்தியமையால் நோய் முற்றியது. முற்றிய நோயைக் கண்ட ஊர், தான் முன்னரே ஐயுற்றது சரியென்று எண்ணியது. பழிக்கு அஞ்சி மறைத்ததே பழிக்குச் சான்றாக மாறியது.

இவற்றினூடே செல்வச்சந்நிதியின் மரபு வேறுபட்டு நிற்பதையும் கூறவேண்டும். வாய்கட்டிப் பூசை செய்யும் அம்முருகன் கோவிலில், நாட்பட்ட நோயாளர் நாட்கணக்காகவும் மாதக்கணக்காகவும் தங்கியிருந்து வழிபடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகின்றது. மடங்களில் அன்னதானம் பெறுவதற்கு நோயின் பெயரை எவரும் கூறவேண்டியதில்லை. நோய் தீர்ந்ததா என்பது ஒருபுறமிருக்க, விசாரணையற்ற சோறும் தங்குமிடமும் நோயாளிக்குக் கிடைத்த அரிய இடங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. நோயாளியைப் பழித்த சமூகமே அவருக்கு ஒதுங்க ஒரு நிழலையும் அமைத்திருந்தது.

தமிழிற் பெயரிட்ட மருத்துவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவம் குடாநாட்டில் வேரூன்றியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1850 இல் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் நகரில் நண்பர் உதவிச் சங்க மருத்துவமனை தோன்றியது. பின்னாளில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது அதுவே.

கிறீன் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவங் கற்பித்தார். அவ்வாறு கற்றவர்கள் அரசாங்க உத்தியோகங்களை நாடி வெளியூர் செல்வதைக் கண்டார். கிராமங்களில் தங்கிப் பணிசெய்யக்கூடிய மருத்துவர்களை உருவாக்க வேண்டுமாயின் கல்வி தமிழில் அமைய வேண்டும் என முடிவுசெய்து, 1864 முதல் தமிழில் மருத்துவ வகுப்பை நடத்தினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோராவர். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம், வைத்தியாகரம் எனத் தமிழில் நூல்களும் வெளிவந்தன.

இம்முயற்சி தமிழ்க் கலைச்சொல்லாக்க வரலாற்றிற் பலராலும் பாராட்டப்பட்டதொன்று. நோயாளியின் நிலையில் நின்று நோக்கினால் அதன் முக்கியத்துவம் வேறு வகையிலும் புலனாகும். தன் உடலுக்கு நேர்ந்ததைத் தன் மொழியிலேயே கேட்டறியும் வாய்ப்பு நோயாளிக்குக் கிடைத்தது. மருத்துவர் எழுதிய ஆங்கிலச் சொல்லின் பொருளறியாது வீடு திரும்பியவர், அச்சொல்லுக்கு அயலார் கூறிய பொருளையே நம்ப வேண்டியிருந்தது. தமிழிற் பெயரிடல் என்பது ஊகத்தின் கையிலிருந்து நோயை மீட்கும் செயலாக அமைந்தது. கிறீன் 1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்று 1884 இற் காலமானார். தமிழில் மருத்துவங் கற்பிக்கும் முயற்சி அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. உயர் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது. மருத்துவரின் மொழிக்கும் நோயாளியின் மொழிக்கும் இடையில் மீண்டும் இடைவெளி ஏற்பட்டது.

மேனாட்டு மருத்துவத்திற்கு வேறொரு குறைபாடும் இருந்தது. கண்ணாற் காணவும் கருவியால் அளக்கவும் இயன்றதையே அது நோயென ஏற்றது. இதுவே அதன் வலிமை. கட்டியை அறுத்ததும், கண்ணிற் புரை நீக்கியதும், தொற்றுநோய்களின் காரணத்தைக் கண்டதும் இம்முறையாலேயே. ஆனால் அளக்க இயலாத வருத்தம் அம்மருத்துவத்தில் இடமின்றி நின்றது. பரியாரியார் கூறாத "ஒன்றுமில்லை" எனும் சொல் ஆஸ்பத்திரியிற் பிறந்தது. ஊரில் நிலவிய பாசாங்கு எனும் ஐயத்திற்கு அச்சொல் அறிவியலின் முத்திரையாகப் பயன்பட்டது.

பெயர் கிடைத்த பின்னும்

அவ்வாறாயின், நோய்க்குச் சரியான பெயரைக் கண்டறிந்தவுடன் பழி நீங்கிவிடுமா என்ற வினா எழுகின்றது. தொழுநோயின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. 1873 இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அது வினைப்பயனுமன்று, பரம்பரையுமன்று என்பது தெளிவாயிற்று. ஆயினும் இலங்கையில் 1901 இல் நிறைவேறிய சட்டம் நோயாளரைப் பிரித்துவைக்க வழிசெய்தது. ஒல்லாந்தர் 1708 இல் கட்டிய ஹெந்தளை மருத்துவமனையும், பின்னர் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் அமைந்த மருத்துவமனையும் பலருக்கு வாழ்நாட் சிறைகளாயின. நுண்ணுயிரின் கண்டுபிடிப்பு தெய்வக் குற்றத்தை நீக்கி, தொற்று அச்சத்தை அவ்விடத்தில் அமர்த்தியது.

இந்நோயை ஆரம்பத்தில் இனங்காண்பதும் கடினம். கிருமி உட்புகுந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே உணர்ச்சி குன்றிய மங்கலான படை ஒன்று தோன்றும். அதனைத் தேமல் என்று விட்டுவிடுவோர் உளர். மறுபுறத்தில், தொற்றாத, தீங்கற்ற நிறமிழப்புடையோர் 'வெண்குட்டம்' எனும் பெயரால் தொழுநோயாளரென ஒதுக்கப்பட்டனர். ஒரு தவறான சொல் எத்தனை வாழ்வுகளைக் கெடுக்கும் என்பதற்கு இதுவே சான்று. தமிழகத்தில் அதனை 'வெண்புள்ளி' என வழங்கும் முயற்சி இக்காரணத்தாலேயே எழுந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981 இல். அதன்பின் தொழுநோய் முற்றாகக் குணமாக்கத்தக்கதாயிற்று. எனினும் நோய் நீங்கியவரைப் பழி தொடர்ந்த செய்திகள் பலவுண்டு.

சயரோகத்தின் வரலாறும் இத்தகையதே. 1882 இல் றொபேட் கொக் அதன் கிருமியைக் கண்டறிந்தார். பயன்தரும் மருந்தாகிய ஸ்ரெப்ரோமைசின் 1943 இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நோயாளிக்குப் பெயர் இருந்தது, மருந்து இருக்கவில்லை. குடாநாட்டின் வடகரையில் மயிலிட்டியில் அமைந்த சயரோக மருத்துவமனையின் பெயரைக் கூறுவதே அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் இரகசியத்தை வெளியிடுவதாகக் கருதப்பட்டது. ஆகவே பெயர் மட்டும் போதாது என்பது தெளிவு. பெயரோடு மருந்தும், மருந்தோடு அறிவும், அறிவோடு அயலவரின் மனமாற்றமும் சேரவேண்டியுள்ளது.

மருத்துவத்தின் பிழைகள்

நாட்பட்ட நோயாளரை ஐயுறுவது யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வயிற்றுப்புண், கவலையாலும் உணவுப் பழக்கத்தாலும் வருவதென மேனாட்டு மருத்துவ உலகம் நம்பியது. நோயாளியின் குணவியல்பே குற்றவாளியாக்கப்பட்டது. 1982 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வொறன், மார்சல் எனும் மருத்துவர் இருவர் அதற்குக் காரணமானதொரு பற்றீரியாவை வளர்த்துக் காட்டினர். 2005 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குன்மம் என்ற பெயரால் தமிழ் மருத்துவம் சுட்டிய துன்பங்களுட் பல இவ்வயிற்றுப்புண்ணாக இருந்திருத்தல் கூடும். மாருதப்புரவீகவல்லியின் கதைக்கு நுண்ணுயிரியல் எழுதிய பிற்சேர்க்கை என இதனைக் கொள்ளலாம்.

மற்றோர் எடுத்துக்காட்டு இலண்டன் நகரைச் சார்ந்தது. 1955 இல் அங்குள்ள றோயல் பிறீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேரை, பெரும்பாலும் பணியாளரை, ஒரு நோய் தாக்கியது. கடுஞ்சோர்வு, தசைநோவு, தலையிடி என்பன அதன் குறிகள். அவர்களுட் சிலர் நெடுங்காலம் குணமடையவில்லை. 1970 இல் உளமருத்துவர் இருவர், நோயாளரை நேரிற் காணாது, பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, அது கூட்டு மனக்கிளர்ச்சி என முடிவுகூறினர். பாதிக்கப்பட்டோருட் பெண்களே மிகுதி என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. அம்முடிவின் நிழல் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2015 இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, இத்தகைய நாட்பட்ட சோர்வு நோய் உடலைப் பல வகையிற் தாக்கும் கடுமையானதொரு நோய் எனத் திட்டவட்டமாகக் கூறியது. புத்தூர்ப் பெண்ணை நோக்கிக் கூறப்பட்ட 'சாட்டு' எனும் சொல்லும், இலண்டன் தாதியரை நோக்கிக் கூறப்பட்ட 'மனக்கிளர்ச்சி' எனும் சொல்லும் பொருளால் வெகுதூரம் விலகியவையல்ல.

இலங்கையின் வடமத்திய மாகாண உழவரிடையே 1990களிலிருந்து கண்டறியப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோய், 'காரணம் அறியப்படாத' எனும் அடைமொழியைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. 2020 இன் பின்னர் கோவிட் தொற்று நீங்கியும் மாதக்கணக்கிற் சோர்வால் வருந்தியோர், தமது நோய்க்குத் தாமே பெயரிட்டு மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தனர். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அந்நிலைக்கு வரைவிலக்கணம் வகுத்தது. நோயாளரின் சொல் முன்னே செல்ல, மருத்துவம் பின்னே வந்த நிகழ்வு இது.

போரும் உடலும்

யாழ்ப்பாணத்தில் இப்பிரச்சினைக்குப் புதியதொரு பரிமாணத்தை அளித்தது போராகும். எறிகணை, கைது, காணாமற்போதல், இடப்பெயர்வு என்பவற்றை அனுபவித்த மக்கள் மருத்துவரிடம் வந்தபோது அவற்றைப் பற்றி முதலில் பேசவில்லை. தலையிடி, நெஞ்சு நோ, உடல் உளைவு, நித்திரையின்மை என்பவற்றையே கூறினர். டொக்டர் தயா சோமசுந்தரம், டொக்டர் சா. சிவயோகன் ஆகியோர் குடாநாட்டுக் குடிமக்களிடையே நடத்திய ஆய்வு 1994 இல் பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. போரின் நெருக்கீடு எதனையும் அனுபவியாதோர் 6 வீதத்தினர் மட்டுமே என அது காட்டியது. உள்ளத்துத் துயரம் உடல்நோவாக வெளிப்படும் நிலை 41 வீதத்தினரிடம் காணப்பட்டது. ஆய்வு வெளிவந்த மறு ஆண்டு, 1995 ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. புத்தூர் மக்களும் தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்று, பெரும்பாலோர் 1996 இலும் அதன் பின்னரும் திரும்பினர்.

தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றிய உளமருத்துவர்கள் இந்நோவுகளைப் பொய்யென ஒதுக்கவில்லை. அவற்றைத் துயரத்தின் மொழியாக வாசித்தனர். 'வருத்தம்' எனும் சொல்லிற் பொதிந்திருந்த பழைய பொருள் இவ்வாறு மருத்துவ அறிவாக மீண்டும் வெளிவந்தது. எனினும் இங்கும் ஒரு கவனம் தேவை. விளங்காத நோவையெல்லாம் மனத்தின் மேல் ஏற்றுவது எளிது. போர்க்காலத்து முதியவளின் சோர்வு துயரமாகவும் இருக்கலாம், தைரொயிட் குறைபாடாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். மனநோய் என்ற பெயரும் ஊரிற் பழியைச் சுமந்ததே. தெல்லிப்பழைக்குச் செல்லும் பேருந்தில் அயலார் எவராவது காண்பரோ என அஞ்சியோர் பலர். 1873 ஆம் ஆண்டுச் சித்தப்பிரமைச் சட்டத்தின் காலந்தொட்டு மனநோயாளரைச் சமூகம் ஒளித்துவைத்த வழக்கத்தின் தொடர்ச்சியே அவ்வச்சம்.

நோயாளியின் சொல்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு செய்தி தெளிவாகின்றது. முன்வினை, செய்வினை, பரம்பரை, பாசாங்கு, தொற்று, மனக்கிளர்ச்சி என நோய்க்கு இடப்பட்ட பெயர்கள் காலந்தோறும் மாறின. பெயரிட்டோரும் மாறினர். மாறாதது ஒன்றுண்டு. நோயுற்றவர் தம் உடலைப் பற்றிக் கூறிய சொல், மற்றெல்லாருடைய சொல்லுக்கும் பின்னரே கேட்கப்பட்டது.

மருத்துவத்தைப் பேசும் திருக்குறள் அதிகாரம், நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்திலிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. அவற்றுள் நோயுற்றவனை முதலில் வைத்தமை எண்ணத்தக்கது. நான்காவது கூறாகிய உதவுபவன் என்பது குடும்பமும் அயலுமே ஆகும். முதலாமவரின் சொல்லை நம்பாத நான்காமவர், இரண்டாமவரும் மூன்றாவதும் செய்யக்கூடிய நன்மையையும் தடுத்துவிடுகின்றார். மறைக்கப்பட்ட தொழுநோயும், பிந்திக் காட்டப்பட்ட சயரோகமும், வெளியே சொல்லப்படாத வலிப்பும் இதற்குச் சான்றுகளாகும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 இல் மருத்துவபீடம் தொடங்கியது. அங்கு கற்று வெளிவருவோர், நோயைப் புதிதாகக் கண்டறியும் திறனோடு, கண்டறிய இயலாதபோது அதனை நேர்மையாகக் கூறும் பண்பையும் பெறுதல் வேண்டும். "உமக்கு ஒன்றுமில்லை" என்பதற்கும், "உமது வருத்தம் இன்னதென இன்னும் எமக்குத் தெரியவில்லை" என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியதன்று. முதற் கூற்று நோயாளியைப் பொய்யராக்கி ஊரின் கையில் ஒப்படைக்கின்றது. இரண்டாவது கூற்று அறியாமையை மருத்துவத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, நோயாளியை மீண்டும் வர அழைக்கின்றது. பெயர் கிடைக்கும்வரை ஒருவரைப் பழியின்றி வாழவிடுவது மருத்துவரின் கடமை மட்டுமன்று, "என்ன வருத்தம்?" எனக் கேட்கும் ஒவ்வோர் அயலவரின் கடமையுமாகும்.